தென்காசியில் தைத்த சீட்

ராஜபாளையம் தாண்டியதும் இடுப்பில் ஒரு குடைச்சல் ஆரம்பித்தது. கடையநல்லூரில் டீ குடிக்க இறங்கியபோது நிமிர முடியவில்லை. வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி கூன் விழுந்தவனைப் போல் நின்றுகொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் கிளாஸைக் கையில் கொடுத்துவிட்டு என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, வண்டியில வந்தியளா, வண்டியச் சொமந்துட்டு வந்தியளா?"

சிரித்தேன். சிரித்ததில் இடுப்பு இன்னும் வலித்தது.

வண்டி என்னுடையதுதான். ஆனால் அதன் சீட் சேகருடையது. அப்படித்தான் சொல்ல வேண்டும். திண்டுக்கல்லில் ஒரு நூல் மில்லில் அவன் ஃபிட்டர், நான் ஆபீஸ் குமாஸ்தா. வருடா வருடம் சீசனுக்கு இதே வண்டியில் குற்றாலம் வருவோம். அவன் ஓட்டுவான், நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். கல்யாணமாகி ஒரே மாதத்தில் அவன் துபாய்க்குப் போனான். போகும்போது வண்டியை எனக்கு விற்றுவிட்டுப் போனான். அதன் பிறகுதான் நான் ஓட்டவே கற்றுக்கொண்டேன். சேகர் ஆறடி உயரம், அதற்கேற்ற எடை. வலது பக்கம் சாய்ந்துதான் உட்காருவான். அவன் உட்கார்ந்த இடம் சீட்டில் ஒரு பள்ளமாகவே பதிந்துவிட்டது. நான் எவ்வளவு தள்ளி உட்கார்ந்தாலும் கொஞ்ச தூரத்தில் அந்தப் பள்ளத்துக்குள் சரிந்துவிடுவேன். உள்ளூரில் மில்லுக்கும் வீட்டுக்கும் ஓட்டும்போது அது பெரிதாகத் தெரியவில்லை. நெடுந்தூரம் வந்தபோதுதான் தெரிந்தது.

முதல் வருடம் சேகரிடமிருந்து அடிக்கடி கடிதம் வந்தது. அப்புறம் தீபாவளி, பொங்கலுக்கு மட்டும். இந்த வருடம் அதுவும் இல்லை. அவன் போனதிலிருந்து சீசனுக்கு நான் எங்கும் போகவில்லை. இந்த முறை மலையில் சாரல் பிடித்துவிட்டது என்று பேப்பரில் பார்த்த அன்றே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். "யார்கூடப் போறீங்க?" என்று ஆபீசில் எல்லோரும் கேட்டார்கள். "ஃப்ரெண்ட்ஸ்கூட" என்று சொல்லிவைத்தேன்.

தென்காசிக்குள் நுழையும்போது சாயங்காலம் ஆகியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். மேனேஜர் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"ஒரு ஆளுதானா? சீசன்ல தனி ரூம் கெடையாதே சார். ரெண்டு கட்டிலு போட்ட ரூம்தான் இருக்கு."

அதையே எடுத்துக்கொண்டேன். ஒரு கட்டிலில் நான் படுத்தேன், இன்னொன்றில் பையை வைத்தேன். பிறகு பை மட்டும் அங்கே கிடப்பதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. ஈரத் துண்டை அந்தக் கட்டில் முழுக்க விரித்துப் போட்டேன்.

காலையில் கோயில் வாசலுக்கு நடந்தேன். அந்த நாளில் கோபுரம் இடிந்து மொட்டையாகத்தான் நின்றது. ஆனால் வாசலில் அடிக்கும் காற்றுக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் ஊரில் இந்த மாதக் காற்று மண்ணை அள்ளி வாயில் போடும். இங்கே அது மலையில் நனைந்துவிட்டு வந்து முகத்தைத் துடைத்துவிடுகிறது. உள்ளே போனால் முன்னால் தள்ளுகிறது, வெளியே வந்தால் மார்பில் கை வைத்துத் தடுக்கிறது. சேலையைப் பிடித்துக்கொண்டு நடந்த ஒரு அம்மாள், "ஏட்டி, பூவக் கெட்டியாப் புடி, பறந்துரும்" என்று மகளிடம் கத்திக்கொண்டு போனாள். யாரிடமாவது இந்தக் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல ஆளில்லை. ஹோட்டலுக்குப் போய் இட்லி தின்றேன். சாம்பார் எங்கள் ஊர் சாம்பாரைவிடக் கெட்டி. தேங்காய்ச் சட்னியை மட்டும் கேட்காமலே இரண்டாம் முறை ஊற்றினார்கள்.

புதுச் சீட் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். பஜாரில் வண்டிச் சாமான் விற்கும் கடையில் ரெடிமேட் சீட்டுகளைச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். ஒன்றில் சிவப்புக் கோடு, ஒன்றில் பின்பக்கம் சின்ன மேடு, ஒன்றில் பளபளக்கும் பொத்தான்கள். கடைக்காரர் ஒன்றைத் தூக்கி ஒரு மரப்பெட்டியின் மேல் வைத்து, "உக்காந்து பாருங்க சார்" என்றார். உட்கார்ந்தேன். பஞ்சு மெத்தைபோல் இருந்தது. அடுத்ததில் உட்கார்ந்தேன். அதுவும் அப்படித்தான் இருந்தது. கடையில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாச் சீட்டும் சுகமாகத்தான் இருக்கும் என்று கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது. சேகர் இருந்திருந்தால் இதற்குள் கடைக்காரருடன் சண்டை போட்டுச் சிநேகமாகி ஒரு முடிவுக்கும் வந்திருப்பான். நான் "அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

ஸ்டேஷன் பக்கம் போகிற வழியில் ஒரு ஓலைச் சார்ப்பின் கீழ் ஜீப் சீட் ஒன்று குடல் வெளியே தெரியக் கிடந்தது. அதைப் பிரித்துக்கொண்டிருந்தவர் பெயர் இசக்கி. பக்கத்தில் தையல் மெஷினில் ரெக்சின் தைத்துக்கொண்டிருந்தது அவர் மனைவி சொர்ணம். நான் வண்டியை நிறுத்தியதும் இசக்கி வந்து சீட்டை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார்.

"இது ஒரு பக்கமா அமுங்கிக் கெடக்கு. நீங்க அம்புட்டு எடை இல்லியே. யாரு ஓட்டுன வண்டி?"

"என் சிநேகிதன் வண்டி."

"அதாம்லா. அவுக உக்காந்த எடத்துல நீங்க உக்காந்தா இடுப்பு வலிக்காம என்ன செய்யும்?"

"வந்தவுகள நிக்க வச்சே வைத்தியம் பாக்கீரே, மொதல்ல ஸ்டூல எடுத்துப் போடும்" என்றாள் சொர்ணம், மெஷினை நிறுத்தாமலே.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். இசக்கி உள்ளேயிருந்து ஒரு தனிச் சீட்டை எடுத்து வந்தார். அடியில் இரண்டு ஸ்பிரிங், மேலே அகலமான உட்காரும் இடம், ஒரே ஒரு ஆளுக்கு.

"தூரமா ஓட்டுதவுகளுக்கு இதாம் தோது. பொறத்தால ஒரு கேரியர் வச்சுத் தாரேன். பையக் கெட்டிக்கிடலாம். ரோட்டுல குண்டு குழி ஒண்ணும் தெரியாது."

வண்டியில் பொருத்தியே காட்டினார். ஏறி உட்கார்ந்தேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. முதுகு தானாக நிமிர்ந்தது. "சரி" என்று சொல்லப் போனவன் ஏதோ நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் வெறும் இரும்புச் சட்டம்தான் இருந்தது.

"இல்ல, பழையபடி நீளச் சீட்டாவே தச்சிருங்க" என்றேன்.

"பொறத்தால யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"பின்ன எதுக்கு அண்ணாச்சி?"

சொர்ணம் மெஷினை நிறுத்தினாள்.

"இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு யாராச்சும் ஏறுவாக. ஒமக்கு என்ன வந்துச்சு? அவுக சொல்லுதபடி வெட்டும்."

அதன் பிறகு உள்ளே என்ன வைப்பது என்று இருவருக்கும் தகராறு. இசக்கிக்கு ஃபோம் வைக்க ஆசை. இப்போது எல்லோரும் அதுதான் போடுகிறார்களாம். சொர்ணம் தேங்காய் நார் கட்சி.

"ஃபோம் ஆறு மாசத்துல அப்பளமாப் போவும்."

"நார் குத்தும்ட்டி."

"ஒமக்குக் குத்தும். அண்ணாச்சிக்குக் குத்தாது. என்ன அண்ணாச்சி?"

நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன். அன்று பகல் முழுக்க அந்த ஸ்டூலிலேயே இருந்தேன். கத்தரிக்கோல் எங்கே, ஆணி டப்பா எங்கே, ஜீப்காரன் ஏன் இன்னும் வரவில்லை, வடகரையில் தம்பி வீட்டுத் தென்னையில் இந்த வருடம் காய்ப்பு எப்படி என்று அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் கேட்டதற்கு இன்னொருவர் பதில் சொல்லாவிட்டாலும் பேச்சு நிற்கவில்லை. மத்தியானம் சொர்ணம் தூக்குச் சட்டியைத் திறந்து உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் எனக்கும் ஒரு இலையில் வைத்தாள். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. கூட உட்கார்ந்து சாப்பிட யாராவது இருந்து ரொம்ப நாளாகியிருந்தது.

கடைசியில் இசக்கிதான் ஜெயித்தார். ஃபோமை இரண்டு அடுக்காக வைத்து உயர்த்திக் கட்டினார். கறுப்பு ரெக்சின், ஓரத்தில் வெள்ளைப் பட்டை. ராஜாவைப் போல் ஏறி உட்கார்ந்தேன். குற்றாலம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்வதாக ஏற்பாடு.

மேலகரம் தாண்டி, முன்னால் வாழைத்தார் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று நின்றது. பிரேக் பிடித்துக் காலை ஊன்றினேன். கால் தரையைத் தொடவில்லை. சீட் அவ்வளவு உயரம். நான் ஒரு பக்கமும் வண்டி என் மேலுமாகச் சாலையோரச் சேற்றில் மெதுவாகச் சாய்ந்தோம். வண்டிக்காரர் இறங்கி வந்து தூக்கிவிட்டார்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல."

"கால் எட்டாத வண்டிய எதுக்கு ஓட்டுதிய? கூட ஒரு ஆளாச்சும் வந்திருக்கப்படாதா?"

சேற்றுச் சட்டையோடு பேரருவிக்குப் போனேன். நல்ல தண்ணீர். பாறை முழுக்க வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அங்கேதான் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. நான் அருவிக்குள் போனால் துணியை, பர்ஸை, சாவியை யார் பார்த்துக்கொள்வது? அத்தனை வருடமும் இந்த யோசனையே வந்ததில்லை. சேகர் குளித்தால் நான் கரையில், நான் குளித்தால் அவன் கரையில். கைப்பிடிக் கம்பிக்கு இப்பால் துணிமூட்டையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பக்கத்தில் ஒரு குடும்பம் நின்றது. அந்தக் குடும்பத்துப் பெரியவரிடம் கேட்டேன்.

"பாத்துக்கிடுதேன், போங்க. கூட யாரும் வரலியா?"

அருவிக்கடியில் ஒரு நிமிடம்கூட நிம்மதியாக நிற்க முடியவில்லை. தலையில் விழுந்த தண்ணீருக்கு நடுவே கண்ணைத் திறந்து திறந்து அவரைப் பார்த்தேன். பாவம், நல்ல மனிதர். என் மூட்டையைக் குழந்தையைப் போல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

தென்காசிக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். சொர்ணம் இசக்கியைக் கை காட்டினாள்.

"கோபுரத்த இங்கன கெட்டிட்டாருல்லா. அங்கன கோயில் வாசல்ல கெட்டியிருந்தா ஊருக்காவது ஆவும்."

மூவரும் சிரித்தோம். பிறகு சீட்டைப் பிரித்தார்கள். அடியில் நார், மேலே ஒரே அடுக்கு ஃபோம். தொடை படுகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஒடுக்கிக் கட்டினார்கள். என்னை ஏறி உட்காரச் சொல்லி, இறங்கச் சொல்லி, மறுபடி ஏறச் சொல்லி, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார்கள். ஒரு சட்டைக்குக்கூட யாரும் என்னை இவ்வளவு பொறுமையாக அளவெடுத்ததில்லை. மறுநாள் காலையில் உட்கார்ந்தபோது இரண்டு காலும் தரையில் பதிந்தன. அது என் உடம்புக்கென்றே செய்த சீட்.

அன்று ஐந்தருவிக்குப் போனேன். தூறல் விட்டுவிட்டு விழுந்தது. வழியில் பழக்கடைகளில் மங்குஸ்தானும் பலாச்சுளையும் வைத்திருந்தார்கள். நேந்திரங்காய் வறுக்கும் தேங்காயெண்ணெய் வாசனை மரங்களுக்குள் நின்றது. இடுப்பில் வலி இல்லை. அதைச் சொல்லவும் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டே வண்டியை நிறுத்தினேன்.

ஒரு வேனின் பின்பக்கத்தில் டேப் ரிக்கார்டர் பாடிக்கொண்டிருந்தது. பெண்கள் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே பூப்போட்ட சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு உயரமான ஆள் நின்று எல்லோரையும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். வலது பக்கம் சாய்ந்து நின்றான்.

சேகர்.

முதலில் தோன்றியது வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம் என்பதுதான். அவன் ஊருக்கு வந்தது எனக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை. கிக்கரில் காலை வைத்துவிட்டேன். அதற்குள் அவன் வண்டியைப் பார்த்துவிட்டான். என்னைப் பார்ப்பதற்கு முன் வண்டியைத்தான் பார்த்தான்.

"டேய், இது என் வண்டிடா! மணி! நீ எங்கடா இங்க?"

ஓடி வந்து தோளைப் பிடித்து உலுக்கினான். சென்ட் வாசனை அடித்தது.

"நீ எப்ப வந்த?" என்று கேட்டேன்.

"ஒரு வாரமாச்சுடா. பம்பாய்ல இறங்கி நேரா விருதுநகர். மாமனார் வீட்ல விடவே மாட்டேங்கிறாங்க. திண்டுக்கல்லுக்கு வரணும்னுதான் இருந்தேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அவன் மனைவி வந்தாள். கல்யாணத்தன்று மேடையில் பார்த்ததுதான். அடையாளம் தெரியாமல் விழித்தவளுக்குச் சேகர் என் பெயரைச் சொன்னான். அவள் முகம் மலர்ந்தது.

"ஓ, இவங்கதான் உங்க வண்டிய வாங்குனவங்களா?"

அதில் தவறு ஒன்றும் இல்லை. அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். ஆமாம் என்றேன். எல்லோருக்கும் வறுத்த நேந்திரங்காய் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு கை நிறையக் கிடைத்தது.

சேகர் வண்டியைச் சுற்றி வந்தான். "சீட்ட மாத்திட்டியேடா" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தான். முழங்கால்கள் டேங்கின் மேல் இடித்தன. முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்தான். சொர்ணம் ஒடுக்கிக் கட்டிய இடத்தில் அவன் தொடை அமரவில்லை.

"இது உன் அளவுக்கு அடிச்சதுடா. என்னால முடியாது." இறங்கினான். பிறகு வேன் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான். "நீங்க பங்களாவுக்குப் போங்க. நான் மணிகூட வர்றேன்."

"நனையாம வாங்க" என்றாள் மனைவி.

அவன் என் பின்னால் ஏறினான். இத்தனை வருடத்தில் அவன் அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வண்டி ஒரு கணம் ஆடியது. பெரிய கை ஒன்று என் தோளில் வந்து உட்கார்ந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவன் குனிந்து என் காதுக்குப் பக்கத்தில் பேசினான்.

"பின்னால உக்காந்தா ரோடே தெரியலையேடா. உன் முதுகுதான் தெரியுது. எப்படிடா அத்தனை வருசம் வந்த?"

"பேசிக்கிட்டே வந்தேன்."

அவன் சிரித்தான். "ஆமா, அவ்வளவு பேசுவ. காத்துல எனக்குப் பாதி கேக்காதுடா. ம், ம்னு சொல்லிக்கிட்டே ஓட்டுவேன்."

நான் ரோட்டைப் பார்த்தேன். மில்லில் எனக்கு நேர்ந்த அவமானங்கள், அம்மா செத்த பிறகு வீடு எப்படி இருக்கிறது என்பது, எனக்குப் பெண் பார்த்து வேண்டாமென்று போனவர்கள் என்று எல்லாவற்றையும் இந்த ரோட்டில்தான் அவனிடம் சொல்லியிருந்தேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவன் "ம்" என்றதை நம்பித்தான் சொன்னேன்.

"கடுதாசி போடலன்னு கோவமா?" என்றான்.

"இல்லடா."

"ஒரு ரூமுல எட்டுப் பேரு. கட்டில்ல மேல ஒருத்தன், கீழ ஒருத்தன். பேப்பர எடுத்து வச்சு உக்காருவேன். என்ன எழுதுறது? எழுத ஆரம்பிச்சா திரும்பி வந்துரணும்போல இருக்கும். அப்படியே மடிச்சு வச்சிருவேன்."

தோளிலிருந்த கை இறுகியது. தூறல் வலுத்தது. ஒரு வளைவில் எதிரே பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. நான் ஓரம் ஒதுங்கி வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவன் மறுபடி பேசினான். நீளமாகப் பேசினான். பஸ்ஸின் இரைச்சலிலும் மலையிலிருந்து இறங்கிய காற்றிலும் எனக்குச் சில சொற்கள்தான் கிடைத்தன. "அவகிட்ட இன்னும் சொல்லல" என்பது கேட்டது. "நீ என்ன நினைக்கிற" என்பது கேட்டது. நடுவில் இருந்ததெல்லாம் பின்னால் போய்விட்டது.

"ம்" என்றேன்.

அவர்கள் தங்கியிருந்த பங்களா வாசலில் வேன் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தது. சேகர் இறங்கினான். முகத்தில் மழைத்தண்ணீர் ஓடியது. அவன் அதைத் துடைக்கவில்லை.

"அப்ப சரிதான்னு சொல்ற?"

என்னவென்று கேட்டிருக்கலாம். இஞ்சினை அணைத்துவிட்டு, காற்றில் ஒன்றும் காதில் விழவில்லை, மறுபடி சொல்லு என்று கேட்டிருக்கலாம். ஆனால் அவன் ரொம்ப நாள் சுமந்த எதையோ இறக்கி வைத்தவனைப் போல் நின்றான். மறுபடி தூக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"சரிதான்டா" என்றேன்.

என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். "நீ சொன்னாப் போதும்டா மணி" என்றான். உள்ளே சாப்பிடக் கூப்பிட்டார்கள். என்னையும்தான் கூப்பிட்டார்கள். தென்காசியில் வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினேன்.

ஸ்டேஷன் பக்கம் போய்ச் சீட் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். "பொறத்தால யாராச்சும் ஏறுனாகளா?" என்று சொர்ணம் கேட்டாள். ஏறினார்கள் என்றேன். அவள் இசக்கியைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு வெற்றி இருந்தது.

லீவு முடிந்து சேகர் துபாய்க்குத் திரும்பிப் போனான். பல வருடம் அங்கேயே இருந்தான். பிறகு விருதுநகரில் வீடு கட்டினான், இரண்டு பெண்களுக்கும் கல்யாணம் செய்தான். போவதைப் பற்றித்தான் அன்று கேட்டானா, போகாமல் இருப்பதைப் பற்றிக் கேட்டானா, வேறு எதையாவது கேட்டானா, எனக்குத் தெரியாது. வீடு குடிபுகுந்தபோது போனேன், பெண்கள் கல்யாணத்துக்கும் போனேன். ஒவ்வொரு முறையும் கேட்டுவிடலாம் என்று நினைப்பேன். ஒவ்வொரு முறையும் அவன் பக்கத்தில் யாராவது இருந்தார்கள்.